கம்பளத்தில் பிணம் இல்லை

ஏழாவது நிமிடத்தில் வெர்னன் செத்துப்போனான்.

ஹெஸ்டர் கணப்படுப்புக் கம்பியால் அவன் பின்மண்டையில் ஒரு போடு போட்டாள். கம்பி அட்டைதான். அவன் அழகாக முனகிக் கம்பளத்தில் சரிந்தான்.

வானொலியில் பதினோரு வருடம் வாராவாரம் செத்த அனுபவம். அவனைப்போல் முனகிச் சாக நியூயார்க்கில் ஆளில்லை என்பார்கள். அந்தத் திகில் நாடகங்களை இப்போது அப்படியே தொலைக்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்றைக்கு வெர்னனுக்கு வெள்ளோட்டம். தேறினால் வாராவாரம் வேலை. தேறாவிட்டால் நாளைக் காலை ரயில், பஃபலோ நகரம், அண்ணனின் இரும்புச் சாமான் கடை.

முனகல் நன்றாகவே வந்திருந்தது. திருப்தியாக எழுந்தான். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நுனிக்காலில் சத்தமில்லாமல் வெளியே போனான்.

வானொலியில் அதுதான் மரியாதை. வசனம் முடிந்தவன் மைக் பக்கத்தில் நிற்கக் கூடாது.

நடைவழியில் காபியை ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அங்கிருந்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தான். கேமரா ஹெஸ்டரின் முகத்திலிருந்து மெல்லத் தரைக்கு இறங்கியது.

வெறும் கம்பளம்.

நேரடி ஒளிபரப்பு. ஊரில் எத்தனை பெட்டி உண்டோ அத்தனையிலும் அதே கம்பளம்.

புது இயக்குநர் ஃபிங்க் கண்ணாடி அறைக்குள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெர்னன் மனசுக்குள் பஃபலோவில் போய் இறங்கியே விட்டான்.

ஹெஸ்டர் மட்டும் அசையவில்லை. கம்பளத்தைப் பார்த்தாள். அவன் போன கதவைப் பார்த்தாள். ஒத்திகையில் இல்லாத ஒரு நடுக்கம் அவள் குரலில் வந்தது.

“எழுந்து போயிட்டியா வெர்னன்? போ. எவ்வளவு தூரம்தான் போவேன்னு நானும் பாக்கறேன். கதவைத் தாழ் போட மாட்டேன். உனக்கும் சேர்த்துத்தான் தட்டு வைப்பேன். நீயே வருவ.”

நடைவழியில் நின்ற விளக்குக்காரர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

ஒளிபரப்பு முடிந்ததுமே தொலைபேசிகள் அலறின. நாடகத்தை நடத்தும் சோப்புக் கம்பெனி முதலாளியின் மனைவி பயத்தில் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். அடுத்த வாரமும் அந்தப் பிணம் வேண்டுமாம்.

ஃபிங்குக்கு வாயெல்லாம் பல். செவ்வாய்தோறும் வந்துவிடச் சொல்லி வெர்னனின் முதுகில் தட்டினார். ஒரே ஒரு குறைதான் என்று ஹெஸ்டரிடம் வசனத் தாளை நீட்டினார். நாடகத்தில் அவள் கொன்ற கணவனின் பெயர் ஜெரால்ட்.

ஹெஸ்டர் கன்னத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பதினாலு வருஷப் பழக்கம் சார். புருஷன்னா அந்தப் பேருதான் வாயில வருது. பெட்டியில மூஞ்சியைக் காட்டறதெல்லாம் ஒரு நடிப்பான்னு கேட்டுட்டு வீட்டை விட்டுப் போன மனுஷன் இவரு. மூணு மாசம் ஆச்சு.”

வெர்னன் அவள் கோட்டை எடுத்து, கை நுழைக்க வாகாக விரித்துப் பிடித்தான்.