இத்துடன் இந்த உரையாடல் முடிகிறது

"சிரிக்கிறதுக்குக்கூட தனியா சம்பளம் கேப்பாங்க போல, அந்தக்கா."

இப்படிச் சொன்னவள்தான் பக்கத்து சீட் சீனியருக்கு சிடுமூஞ்சி அக்கா என்று பெயரும் வைத்தவள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கொசு. அது ஆபீஸில் வைத்ததில்லை, ஆன்லைனில் வைத்தது.

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்று சாட்டில் வந்து கொட்டித் தீர்ப்பவர்களுக்குப் பதில் டைப் செய்வதுதான் எல்லோருக்கும் வேலை.

சாப்பாட்டு நேரத்தில் கொசு மொபைலை எடுத்தால் மேஜையே கூடிவிடும். ஒரு மொக்கை ஜோக் குரூப்பில் அவளுக்கு அறிமுகமானவன் பஞ்சர். முகப்புப் படத்திலும் ஒரு டயர்தான். முகத்தைக் காட்டச் சொன்னால், பார்த்தால் பயந்துவிடுவாய் கொசு என்று நழுவிவிடுவான். அதையும் ரசித்தாள். குரூப்பை விட்டுத் தனியாகப் பேசுகிற அளவுக்கு வந்தாயிற்று.

அன்றைக்கு பஞ்சரிடமிருந்து வந்ததை வாசித்துக் காட்டினாள்.

"மேடம், உங்க வாஷிங் மெஷின் என் சாக்ஸ்ல ஒண்ணைத் தின்னுடுச்சு. அதுக்கு வயித்துவலி வந்தா என்ன மாத்திரை கொடுக்கலாம்?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவின் கை மட்டும் டப்பாவிலேயே நின்றுவிட்டது.

நம் வேலையில் நடக்கிற கூத்தெல்லாம் பஞ்சருக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று கொசு பூரித்துப் போனாள். அக்கா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை கேட்டதற்கு, "இருக்கார்" என்று மட்டும் சொன்ன ஆள். அதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?

வாய்க்கு வந்தபடி திட்டும் வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கக் கம்பெனி ஒரு வாசகம் வைத்திருந்தது. 'தங்களுடன் மேலும் பேச இயலாததற்கு வருந்துகிறோம். இத்துடன் இந்த உரையாடல் முடிகிறது.' அதை அனுப்பிவிட்டால் அந்த ஆள் மறுபடி உள்ளே வர முடியாது.

அக்கா மட்டும் அதன் கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பாள். 'நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.' மானேஜர் கடிந்துகொள்ளாத நாளில்லை. "கோபப்படறவங்கள்ல பாதிப் பேர் சாப்பிடாம இருக்கறவங்க சார்" என்பாள். மூஞ்சியில் சிரிப்பில்லை, இதில் பாசம் வேறு என்று கொசு இதையும் கலாய்ப்பாள்.

அந்த வாரம் கொசுவின் வீட்டில் மாப்பிள்ளை பேச்சு முடிவாகும் நிலைக்கு வந்துவிட்டது. இனியும் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. வேலைக்கு நடுவே மனசைத் திடப்படுத்திக்கொண்டு பஞ்சருக்கு டைப் செய்தாள். 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து அப்பாகிட்ட பேசறீங்களா?'

அனுப்பக் கை வரவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும். பக்கத்தில் அக்காதான் இருந்தாள்.

அக்கா மொபைலை வாங்கி, மேலே தள்ளித் தள்ளி, பழைய பேச்சையெல்லாம் படித்தாள்.

"கல்யாணம் ஆகலேன்னு சொன்னாரா?"

"ஆமாக்கா. சமைக்க ஆளில்லாம தினமும் ஹோட்டல் சாப்பாடாம். பாவம்."

அக்கா மொபைலைத் திருப்பிக் கொடுத்தாள். "அனுப்பாதே."

"ஏன்?"

அக்கா தன் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்கு ஏங்க்கா எரியுது?" கொசு அவள் கண்ணெதிரிலேயே அனுப்பினாள்.

மறுநாள் காலை, எப்படியும் சரி என்றுதான் சொல்வான் என்ற தெம்பில், அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டே வேலைக்கு வந்தாள். சீட்டில் உட்காரும்போது பதில் வந்தது. அக்காவின் சீட் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

'தங்களுடன் மேலும் பேச இயலாததற்கு வருந்துகிறோம்...'

மனப்பாடமான வாசகம். முழுதாகப் படிக்காமலேயே சிரித்துவிட்டாள். அவள் வேலையை வைத்தே அவளைக் கலாய்க்கிறான். 'செம. சரி, இப்ப நிஜமான பதிலைச் சொல்லுங்க' என்று அனுப்பினாள்.

அது போய்ச் சேரவில்லை. அவளை பிளாக் செய்திருந்தான். குரூப்பில் தேடினாள். அங்கிருந்தும் டயர் காணாமல் போயிருந்தது.

மதியம் சாப்பாட்டு மேஜையில், "இன்னிக்கு ஜோக் இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கொசு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இத்தனை நாளும் அவன் ஜோக்குக்குத் தான் சிரித்ததாக நினைத்திருந்தாள். ஜோக்கே தான்தான் என்று இப்போதுதான் புரிந்தது. அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

அக்கா தன் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடு."

"இப்ப சந்தோஷமாக்கா உங்களுக்கு?"

அக்காவின் கண்ணிரண்டும் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. கொசு அதைக் கவனிக்கவில்லை. மொபைலை எடுத்து, அழித்துத் தொலைக்கலாம் என்று அந்தப் பதிலைத் திறந்தாள். காலையில் படிக்காமல் விட்ட கடைசி வரி கண்ணில் பட்டது.

'நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.'

மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த சாக்ஸ் கூத்து எனக்கு வந்த சாட்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொல்லிச் சிரிச்சேன். காலையில அவர் மொபைல் என் கையிலதான் இருந்தது."

கொசு மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். அக்கா டப்பாவை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நீ சாப்பிடு. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவர் தினமும் சாப்பிடற ஹோட்டலைத் திறக்கணும்."