அரசியின் கழுத்துக்குக் கீழே

வெள்ளிதான். ஆனால் ஓட்டை.

பார்சலைப் பிரித்ததுமே என் முகம் தொங்கிப்போனது. விற்றவன் அனுப்பிய காசின் படத்தில் அந்த ஓட்டையை விரலால் மறைத்திருந்தான்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி சிரித்தாள். பழைய ரோமானியக் காசு சேர்க்கிறவர்கள் தலையில் மிளகாய் அரைப்பது ரொம்பச் சுலபம் என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஐந்தாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறையும் இந்த மாதத்தைத் தாண்டவில்லை. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என் லென்ஸ், விளக்கு, புத்தகங்கள் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டன. நான் காசைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். வயிற்றைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்க மாட்டோம்.

ஓட்டையோ உடைசலோ, யார் காசு என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முன்பக்கம் ஒரு பேரரசி. கொண்டையையும் மிச்சமிருந்த எழுத்துகளையும் வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் பழசு. பின்பக்கம், கையில் குழந்தையோடு ஒரு பெண். பிள்ளை வரம் தருகிறவள் என்று ரோமானியர்கள் கும்பிட்டவள்.

அதை அவளிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

ஓட்டை போட்டவன்மேல்தான் எரிச்சல் வந்தது. அரசியின் கழுத்துக்குக் கீழே துளைத்திருக்கிறான். நூலில் கோத்தால் மகாராணி தலைகீழாகத் தொங்குவாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறான் என்று திட்டினேன்.

அவள் கையை நீட்டி வாங்கினாள். காசைத் திருப்பி, ஓட்டை மேலே வரும்படி பிடித்தாள்.

குழந்தையை ஏந்தியவள் நேராக நின்றாள்.

எந்தக் காசையும் அரசர் முகம் இருக்கிற பக்கமாகவே பார்த்துப் பழகியவன் நான். இதைத் துளைத்தவருக்கு அரசி ஒரு பொருட்டே இல்லை. அத்தனை காலத்துக்கு முன்னால் யாருக்கோ இருந்த பயம், இதோ என் மனைவியின் உள்ளங்கையில் கிடந்தது.

"ஓட்டை ஏன் வட்டமா இல்ல?" என்றாள்.

லென்ஸில் பார்த்தேன். மேல் விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்து நீண்டிருந்தது. நூல் உரசிய இடம். வெள்ளியை நூல் இவ்வளவு தேய்க்க வேண்டுமென்றால் பல வருஷம் கழுத்திலேயே கிடந்திருக்க வேண்டும் என்றேன்.

அவள் அந்தத் தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் குழந்தை வளர்ந்திருக்கு."

கழுத்தில் போட்டிருந்தது குழந்தைதான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வரம் கேட்டவளே அதைக் கடைசிவரை கழற்றாமல் இருந்திருக்கலாம். தேய்ந்த ஓட்டை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"ஆமா. நல்லாவே வளர்ந்திருக்கு," என்றேன்.