அவுட் கொடுத்த கை

"பேட்டுல படவே இல்ல! காத்துலதான் போச்சு!"

"பட்டுச்சு. எங் காதுல விழுந்துச்சு. நீ மொதல்ல வெளிய—"

"பெத்த புள்ளைக்கே அவுட் குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

"கோட்டுக்கு வெளிய போ பூமயிலு. ஆட்டம் நடக்குது."

காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் கூடியிருந்தவர்களுக்கு இந்தப் புருசன் பெண்டாட்டி சண்டை ஆட்டத்தைவிட நல்ல வேடிக்கை. பேட்டிங் பண்ணுகிற ஊரின் ஆள் ஒருவரே அம்பயராக நிற்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அன்று நின்றவர் கூத்தையா. மூன்றாவது பந்திலேயே, கீப்பர் கத்திய கத்தலுக்கு, தன் ஒரே மகன் காளிராஜுக்கு விரலைத் தூக்கிவிட்டார்.

வேறொரு நாள் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்று மெட்ராஸிலிருந்து லீக் டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். காளிராஜின் அடியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவனைப் பார்க்கத்தான் வந்தார். எடுபட்டால் அங்கேயே தங்கல், கம்பெனி வேலை, தினமும் ஆட்டம்.

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய கார் கண்மாய்க்கரை ஏறி உச்சிப்புளி ரோட்டில் மறைந்தது.

"பெத்த மகன்னும் பாக்காம அவுட் குடுத்த நம்ம கூத்தையா மாமாவுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு!" என்று மைக் அலறியது. கூத்தையா தலையைத் தூக்கவில்லை.

காளிராஜ் பேட்டை வீசி எறிந்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"படலய்யா. ஒங்களுக்கே தெரியும்."

"அடுத்த ஆளு நிக்கிறான். போலே."

"போறேன். இனிமே என்னய மகன்னு கூப்புடாதீக."

பூமயில் ஓடி வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "வா ராசா. அந்த மனுசன் கெடக்காரு. ஒனக்கு நான் இருக்கேன்ல?"

இருபது வயதுப் பிள்ளை அவள் தோளில் சாய்ந்து தேம்பினான். "நீ ஒருத்திதாம்மா என் பக்கம் நிக்கிற."

"அவரு கையத் தூக்குறதுக்கு முந்தியே எந்திரிச்சு ஓடுனாளே!" என்று பக்கத்து வீட்டு ராக்கு கண்ணைக் கசக்கினாள். "பெத்த வயிறுல்ல, துடிக்கத்தான செய்யும்."

ஆட்டம் முடிந்தது. காளிராஜ் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டாளியின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். கூட்டம் கலைந்த கண்மாயில், கூத்தையா மட்டும் பிட்ச் ஓரத்தில் குத்தவைத்திருந்தார். பூமயில் தூக்குவாளியோடு வந்தாள்.

"காலையில இருந்து பட்டினியாக் கெடக்கீக. இந்தக் கஞ்சியக் குடிங்க."

அவர் வாங்கவில்லை.

"கோவமா? நாலு பேரு முன்னால கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன்."

"பேசுனது கெடக்கட்டும்."

"பெறகு என்ன?"

"புள்ள போயிட்டா உசுரோட இருக்க மாட்டேன், எப்படியாச்சும் அவுட் குடுத்துருங்கன்னு விடியக்காலம் எங் காலப் பிடிச்சு அழுதியே பூமயிலு, அத அவன்கிட்ட எப்பச் சொல்லப் போற?"