மூன்றாம் வரியில் ஒரு காலியிடம்

"இன்னிக்கு முழுக்க இந்த ஒண்ணுதான் மேபல். வேற பாட்டைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்," என்று சிரித்துக்கொண்டே வாலஸ் புதுப் பாட்டுத் தாள்களைக் கட்டோடு பியானோ மேல் வைத்தான்.

மேபல் சிரிக்கவில்லை.

பதினான்காம் தெருக் கடையில், தொப்பிகளுக்கும் வாணலிகளுக்கும் நடுவே பாட்டுப் பிரிவு. வருகிறவர்கள் ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். மேபல் வாசித்துக் காட்டுவாள். பிடித்திருந்தால் வீட்டுப் பியானோவுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். ஏழு வருஷமாக, நாளைக்கு ஒன்பது மணி நேரம், ஊரார் பாட்டைத்தான் வாசிக்கிறாள்.

தனக்கென்று அவள் கட்டியது ஒரே ஒரு மெட்டு.

அதுதான் இப்போது அவள் முன்னால் அச்சாகிக் கிடந்தது. 'மழைக்கோட்டை மறந்தவளே.' அட்டையில் ரேடியோப் பாடகர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இயற்றியவர்கள் என்று கீழே இரண்டு பெயர். ஒன்று பாடகருடையது. அவர் ஒரு சுரமும் போடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ரேடியோவில் பாடுகிறவருக்குப் பாதிப் பெயர் கொடுத்துவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம்.

இன்னொரு பெயர் வாலஸ் என்று இருந்தது. மேபலுக்கு வயிறு எரிந்தது அங்கேதான்.

பாட்டுத் தாள் அச்சடிக்கும் பதிப்பகத்தின் பாட்டுகளை ஊர் வாயில் ஏற்றிவிடுவது வாலஸின் பிழைப்பு. இந்த வருஷ வசந்தத்தில், கடை ஓய்கிற மத்தியான நேரமாகப் பார்த்து தினமும் வருவான். பியானோவில் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்பான். மேபல் தனக்காக அந்த மெட்டை வாசிப்பாள். ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் அவன் பென்சிலால் ஏதோ கிறுக்குவான்.

தன் முகத்தை வரைகிறான் என்று நினைத்து, அவள் தலையைச் சற்று நிமிர்த்தி வேறு உட்கார்ந்திருந்தாள்.

அதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடியது.

மெட்டு ரேடியோவில் வந்ததைக் கேள்விப்பட்டதும் பதிப்பகத்துக்கே போனாள். என் மெட்டு என்றாள். அத்தாட்சி எங்கே என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். வழியனுப்ப வாசல்வரை வந்தவன் வாலஸ்தான். "மெட்டு காத்துல கெடக்கு செல்லம். எவன் முதல்ல காகிதத்துல இறக்குறானோ அவனுக்கு."

இப்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. வாலஸ் குரலைத் தூரம் கேட்க வைக்கும் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு பாடினான். மேபல் தாளைப் பிரித்து வாசித்தாள்.

மூன்றாம் வரியில் அவள் கண் நின்றது.

மெட்டு ஏறி ஏறிப் போய் உச்சியைத் தொட வேண்டிய இடம். பாட்டிலேயே அந்தச் சுரம் ஒரே ஒரு தடவைதான் வரும். தாளில் அது இல்லை. ஒரு எண்ணிக்கை சும்மா இரு என்கிற குறி மட்டும் இருந்தது.

அந்த இடம் வந்ததும் பெண்கள் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்தார்கள். ரேடியோக்காரர் அப்படித்தான் செய்வாராம்.

மேபல் வாசிப்பதை நிறுத்தினாள். குரல் தேனாக வந்தது.

"அந்த நிறுத்தம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு வாலஸ்? எல்லாரும் கேட்கட்டும், குழல்லயே சொல்லுங்க."

வாலஸ் பூரித்துப் போனான். "அவ பேரைக் கூப்பிட வாயெடுக்குறான். தொண்டை அடைச்சிருச்சு, சத்தம் வரல. அந்த ஒரு இடத்துக்கு மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன்மா! அது மட்டும் இல்லேன்னா இந்தப் பாட்டே இல்ல!"

ஒருத்தி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

மேபல் எழுந்தாள். பச்சை இறகுத் தொப்பி வைத்த ஓர் அம்மாளைப் பார்த்து, "நீங்க வாசிப்பீங்கதானே?" என்றாள்.

"மாதா கோயில்ல இருபது வருஷமா வாசிக்கிறேன். என்ன அப்படிக் கேட்டுட்டே?"

"அந்த நிறுத்தத்துல ஒரு சுரம் போடணும்னா எதைப் போடுவீங்க? அந்தக் கட்டையை அழுத்துங்க."

அந்த அம்மாள் மூன்றாம் வரியை முணுமுணுத்துப் பார்த்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் விரலைக் கொண்டுபோய் அழுத்தினாள்.

தொக்.

மரச் சத்தம். மறுபடி அழுத்தினாள். தொக், தொக்.

"அடியே, இது செத்த கட்டையாச்சே!"

"போன கிறிஸ்துமஸ்லேர்ந்து," என்றாள் மேபல். தேன் போய்விட்டது. "கடைப் பாட்டையெல்லாம் அதைத் தொடாம மேலயோ கீழயோ தள்ளி வாசிச்சிருவேன். என் பாட்டை மட்டும் தள்ளல. அந்தச் சுரம் எனக்கு உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல நின்னு திருடுனவனுக்குக் கேட்கல, நிறுத்தம்னு எழுதிக்கிட்டான்."

உட்கார்ந்தாள். மூன்றாம் வரியை அடித்து வாசித்தாள். காலியிடம் வந்ததும் விரலை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்து அந்தச் சுரத்தைத் தானே போட்டாள்.

அது பாடுகிற குரல் இல்லை. பையில் கைவிட்டவனைக் கையோடு பிடித்தவள் தெருவே கேட்கப் போடுகிற குரல். பக்கத்து அடுக்கில் வாணலிகள் அதிர்ந்தன.

தகரக் குழல் வாலஸின் வாயிலேயே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.