கடைசி முட்டை

தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லா ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி நாட்டுக்கோழி முட்டைகளை அடைவைத்திருந்தாள். தினமும் கையாலேயே திருப்பிவிட்டாள். ஒரு முட்டையைத் தவிர எல்லாம் பொரிந்தன.

முதலில் வந்த கறுப்புக் குஞ்சு, ஈரம் காய்வதற்குள் மற்றக் குஞ்சுகளின் கண்களைக் கொத்தத் தொடங்கியது. அட்டையால் தடுத்தும் ஏறி வந்து கொத்தியது. மத்தியானத்துக்குள் பெட்டியெல்லாம் ரத்தம். இரண்டு குஞ்சுகள்தான் மிஞ்சின.

"இத வச்சிருந்தா ஒண்ணும் தேறாது. குடு, நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன் பெனடிக்ட்.

"வேணாம். பொரிக்க வச்சவ நான்தான?"

அவளே அதன் கழுத்தைத் திருகினாள். எலும்பு நொறுங்குவது விரல்களில் தெரிந்தது. தலை முதுகுப் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. பப்பாளி மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்து வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் பெனடிக்ட் போசரிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, மிச்சமிருந்த முட்டை விரிசல் விட்டது. ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் குஞ்சு வெளியே வந்தது. அதன் உடம்பெல்லாம் மண். தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஸ்டெல்லா, டப்பாவ பந்த் பண்ணு, சீக்கிரம் மூடு" என்றான் பெனடிக்ட். அவளுக்குக் கை எழவில்லை.

மூலையில் ஒடுங்கிக் கிடந்த இரண்டு குஞ்சுகளையும் நோக்கி அது நடந்தது. நடந்த நேரமெல்லாம் அதன் கண்கள் ஸ்டெல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தன.