பத்துப் பேர் வகுப்பு

"மோட்டார் காயில் கட்டுற வகுப்புல சலூன்காரருக்கு என்ன வேலை?"

சூப்பிரண்டு அம்மா சேர்க்கைப் பட்டியலை வாத்தியார் முன்னால் தள்ளினார்.

"ஆசைப்பட்டுச் சேர்ந்திருக்கார் மேடம். யார் வேணும்னாலும் சேரலாம்னுதானே நம்ம கல்லூரியே நடக்குது?"

"சலூன்காரர் இருக்கட்டும். டைலரம்மா? ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்? ராத்திரி டியூட்டி நர்ஸு? நம்ம பாஷையே சரியா வராத மூணு கொத்தனாருங்க? எல்லாருக்கும் ஒரே நாள்லயா மோட்டார் மேல ஆசை வந்துச்சு?"



அம்மாவுக்கு ஆபீசில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணில் மண்ணைத் தூவ இதுவரை யாருக்கும் கை வரவில்லை.

அது அரசாங்க சமுதாயக் கல்லூரி. கட்டணம் குறைவு, வயசு வரம்பு கிடையாது. ஒரே ஒரு விதி: பத்துப் பேர் சேராவிட்டாலும், நடுவில் ஒருவர் குறைந்தாலும் அந்த மாலை வகுப்பு கிடையாது. மோட்டார் வகுப்புக்குக் கடைசி நாள் வரை சேர்ந்திருந்தது ஒரே ஒரு பெண். வகுப்பு ரத்து என்று பலகையில் ஒட்டப் போகும் நேரத்தில் ஒன்பது பேர் கும்பலாக வந்து நின்றார்கள்.

வாத்தியார் ஒப்பந்த ஆள். வகுப்பு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்!

அன்று சாயங்காலமே வகுப்பில் போய் நின்றார் அம்மா.

நர்ஸ் மேஜையில் தலை சாய்த்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போஸ்ட்மாஸ்டர் கையில் பேப்பர். சலூன்காரர் செப்புக் கம்பியைச் சிக்கலாக்கி வைத்துக்கொண்டு, "எந்தத் தலைச் சிக்கையும் எடுத்துடுவேன், இது மட்டும் வர மாட்டேங்குது" என்று முனகிக்கொண்டிருந்தார். முன்பெஞ்சில் அந்தப் பெண் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

டைலரம்மாவின் முன்னால் கிடந்ததைக் காட்டி, "இது என்ன?" என்றார் அம்மா.

"இரும்புங்க."

"அது எனக்கே தெரியுது. அதுக்குப் பேரு?"

டைலரம்மா முன்பெஞ்சைப் பார்த்தாள்.

"ஸ்டேட்டர்க்கா" என்று கிசுகிசுத்தாள் அந்தப் பெண்.

"உங்களுக்கெல்லாம் பணம் கட்டினது யாரு? வாத்தியாரா?"

"சேச்சே! நாங்களேதான் கட்டினோம்" என்றார் சலூன்காரர்.

"எதுக்கு?"

ஒன்பது பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள்.

"சரி. நாளைக்கே முதல்வர்கிட்ட எழுதிக் கொடுக்கிறேன். இந்த வகுப்பை இழுத்து மூடினாத்தான் சரிப்படும்."

போஸ்ட்மாஸ்டர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். "பாப்பா, ஸ்டோர்ல இன்னொரு கம்பிச் சுருள் வாங்கிட்டு வாம்மா."

அவள் வெளியே போனதும் கதவைச் சாத்தினார்.

"மேடம், வாத்தியார் ஒரு பாவமும் அறியாதவர். நாங்க எல்லாரும் ஒரே பஸ்ல வர்றவங்க."

"அதனால?"

"அந்தப் பொண்ணும் அதே பஸ்தான். ஆள் சேரலைன்னு வகுப்பை எடுக்கப் போறாங்கன்னு ஒரு நாள் போன்ல சொல்லிச் சொல்லி அழுதுச்சு. அப்பாவுக்குக் கை விளங்காமப் போயிடுச்சு. இனி மோட்டார் பட்டறையை இதுதான் பார்த்தாகணும். தனியார்ல இதே பாடத்துக்குக் கேக்கிற காசு, அவங்க குடியிருக்கிற வீட்டை வித்தாலும் காணாது."

"இங்க எங்களால கட்ட முடிஞ்ச பணம்தான் மேடம்" என்றார் சலூன்காரர். "ஆளுக்கொரு இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்துட்டோம். தெரிஞ்சா அந்தப் புள்ள கூசிப்போயிடும். நீங்க சொல்லிடாதீங்க."

கடைசி பெஞ்சிலிருந்த கொத்தனார் சொல்லைத் தேடிப் பிடித்துப் பேசினார். "பொண்ணு... படிக்கணும்."

 அம்மா வெளியே வந்து கதவை மறுபடி சாத்தினார்.

வராந்தாவில் அந்தப் பெண் கம்பிச் சுருளோடு ஓடி வந்தாள்.

"மேடம், தயவுசெஞ்சு வகுப்பை மூடிடாதீங்க. எனக்காகக் கேக்கலை."

"பின்னே?"

"டவுன்ல இருக்கிற பெரிய கல்லூரியில இதே பாடத்துக்கு எனக்குப் போன வாரமே இடம் வந்தாச்சு. அங்கேயும் சாயங்கால வகுப்புதான். பைசா கட்ட வேண்டாம். நான்தான் போகலை."

"போகலையா? ஏம்மா?"

"நான் போயிட்டா இங்க ஒன்பது பேராயிடுமே! வகுப்பே நின்னுடும்." குரலைத் தாழ்த்தினாள். "பாவம் மேடம். ஒருத்தருக்கும் மண்டையில ஏறலை. ஆனா ஒரு நாள்கூட மட்டம் போடாம வர்றாங்க. இந்த வயசுல அவங்களுக்குப் படிப்பு மேல எவ்வளவு ஆசை இருந்தா இப்படி வருவாங்க? பஸ்ல போறப்பகூட நான் அவங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன். எப்படி விட்டுட்டுப் போறது?"

அம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ நாளைக்கே அங்க போய்ச் சேர்ந்துடு."

"அப்ப இவங்க கதி? பத்தாவது ஆளுக்கு எங்க மேடம் போறது?"

"எங்க வீட்டு ஃபேன் ஒரு மாசமாச் சுத்தலைம்மா" என்றார் சூப்பிரண்டு அம்மா. "நானே சேர்ந்துக்கிறேன்."