அப்பாவின் ஒருசந்தி

மதலேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் சிங்கராசாவிடம் முறையிட்டாள்.

“மூண்டு வருஷம் மீன்பிடி விஞ்ஞானம் படிச்சுப்போட்டு, கடைசி வருஷத்திலை கணக்கியலுக்கு மாறப்போறாளாம்! ஏனெண்டு கேளுங்கோ உங்கட மகளை.”

“இந்த வருஷம் முழுக்கக் கடலிலைதான் ஆய்வு, அம்மா. வள்ளத்திலை ஏறினாலே குமட்டிச் சத்தி வருது,” என்றாள் றெஜினா. “அப்பா ஓம் எண்டால் நாளைக்குக் கடிதம் குடுப்பன்.”

“ஓலைத்தொடுவாய்க் கடற்கரையிலை பிறந்தவளுக்குச் சத்தியோ? உன்ரை அப்பரைப் பார்! முப்பது வருஷமாக் கடலுக்குப் போறார். போற நாளெல்லாம் அந்தோனியாருக்கு ஒருசந்தி விரதம் இருந்து, பச்சைத்தண்ணியும் குடிக்காமல் போறார். அவரின்ரை பக்தியைச் சுவாமியாரே பிரசங்கத்திலை சொன்னவர்.”

சிங்கராசா தொண்டையைச் செருமினார்.

“மாறு பிள்ளை. நாளைக்கே கடிதத்தைக் குடு.”

“என்ன கதைக்கிறியள்?”

“சாப்பிட்டுட்டுப் போனால் அவ்வளவும் கடலுக்குத்தான் போகும், மதலேனா. இண்டைக்கும் எனக்குச் சத்திதான். ஒருசந்தி எண்டு நீதான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனி. எனக்கு உண்மையைச் சொல்ல வெக்கமாப் போச்சு.”

மதலேனா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“அவள் மாறட்டும். இனிச் சுவாமியாருக்கு நான் என்னத்தைச் சொல்ல?”